ஏழாவது கை

"...இங்கிருந்து தூக்கி அங்க வெக்கறதுக்கு என்ற ஊட்டுக்காரரு என்ன, உங்க ரேஷன் கடை மூட்டையாங்கண்ணா?"

என் தங்கை புஷ்பம் இதைக் கேட்டபோது நான் அவள் வீட்டு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஒரு கையில் மாத்திரைப் பை, மறு கை கதவு நிலையைப் பிடித்தபடி. பஸ்ஸை விட்டு இறங்கி அவள் வீடு வரைக்கும் வர, வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழ வேண்டியிருந்தது. நல்ல சேதி கொண்டுபோகிறோம் என்ற நினைப்பில்தான் அத்தனை தூரம் நடந்தேன்.

அந்த வாசற்படிக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதைத்தான் எழுதுகிறேன். பெரிய படிப்புக்காரன் இல்லை. எட்டாவதோடு நின்றது. பல்லடத்துக்கும் உடுமலைப்பேட்டைக்கும் நடுவில் ஓர் ஊரில், ரேஷன் கடையில் எடை போடுகிற வேலை, இருபத்தெட்டு வருஷம். நான் மற்றவர்களுக்கு அரிசி போட்டேன், வரிசையில் நின்றவர்கள் எனக்குப் பேச்சுப் போட்டார்கள். அப்படிச் சேர்த்ததுதான் என் படிப்பு. வரிசையில் நிற்கிற ஒரு பெண் ஒருநாள் சொன்னது மனசில் நின்றுவிட்டது: "காச்சலு வந்தா மூணு நாளு, கோவம் வந்தா மூணு வருசம்." எனக்கு இரண்டும் சேர்ந்து வந்தது. காய்ச்சல் என் உடம்பில், கோபம் என் தங்கை மனசில்.

அதற்குக் காரணம் அவள் புருஷன் ஆசீரின் சாவு.

ஆசீர் விசைத்தறியில் வேலை பார்த்தவர். நல்ல உயரம், குறைவான பேச்சு. பத்து வருஷத்துக்கு முன்னால் எங்கள் சபையை விட்டு வேறொரு ஜெபவீட்டுக்குப் போனார். குழந்தையில் தலையில் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கிற ஞானஸ்நானம் போதாது, விவரம் தெரிந்த பிறகு முழுகித்தான் எடுக்க வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. வாய்க்காலில் இறங்கி முழுகி எழுந்தார். புஷ்பம் மட்டும் எங்கள் சபையிலேயே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே வண்டியில் கிளம்பி, அவளை எங்கள் கோயிலில் இறக்கிவிட்டு அவர் தன் வழியே போவார். சண்டை இல்லை.

ஆனால் எங்கள் சபையில் பழைய சட்டம் ஒன்று இருந்தது. இரண்டாவது தடவை ஞானஸ்நானம் எடுத்தவருக்கு எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. ஆசீரின் ஜெபவீடோ வாடகைக் கட்டடத்தில் நடப்பது. அவர்களுக்கென்று கல்லறைத் தோட்டம் இல்லை. ஆசீரின் அப்பா, அம்மா இருவரும் எங்கள் தோட்டத்தில்தான் கிடக்கிறார்கள்.

புரட்டாசியில் ஒருநாள் தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். உடம்பை வீட்டில் ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு, கோயிலுக்குப் பின்னால் இருக்கும் அறையில் சபைக் கமிட்டி கூடியது. சபைப் போதகரான ஐயரைச் சேர்க்காமல் நாங்கள் ஏழு பேர். ஐயருக்கு இதில் ஓட்டு இல்லை. இடம் கொடுக்கலாம் என்று மூன்று கை. கூடாது என்று மூன்று கை. ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் ஆசீரை நினைக்கவில்லை. புஷ்பத்தையும் நினைக்கவில்லை. 'மச்சானுக்குன்னா சட்டம் வளையுமாட்ட இருக்குது' என்று நாளைக்கு ஒருத்தன் சொல்லிவிடுவானே என்று நினைத்தேன். இருபத்தெட்டு வருஷம் என் தராசில் சொந்தக்காரனுக்கு ஒரு பிடி கூடப் போனதில்லை என்று பெயர். அந்தப் பெயரைத்தான் நான் கீழ்ப்படிதல் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழாவதாகக் கையைத் தூக்கினேன். கூடாது என்ற பக்கம்.

பஞ்சாயத்து மயானத்தில், ஓடைக்கரையில் ஆசீரைப் புதைத்தார்கள். திரும்பும்போது புஷ்பம் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எடமில்லீன்ன நாலு பேருல நீங்களுமுங்களாண்ணா?"

"சட்டம் அப்படி அம்மணி."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. எதிரில் வந்தால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஒதுங்கிப் போவாள். திட்டியிருந்தால் பொறுத்திருப்பேன்.

அடுத்து வந்தது கல்லறைத் திருநாள். அதற்கு முந்தின வாரம் தோட்டத்தைச் சுத்தம் செய்து, கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடிப்பது கமிட்டியின் பொறுப்பு. ஒவ்வொரு வருஷமும் கூலிக்கு ஆள் விடுவோம். அந்த மழையில் ஆள் அகப்படவில்லை. கோயில் வேலை என்றால் எப்போதும் முன்னால் நிற்கிற நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினோம். யார் அந்த நாலு பேர்? சட்டம் என்றாலும் முன்னால் நிற்கிறவர்கள்தான். ஆசீருக்கு இடமில்லை என்று தூக்கிய அதே நாலு கைதான் மண்வெட்டியும் பிடித்தது.

புல் முழங்கால் வரைக்கும் இருந்தது. சுவரோரம் உண்ணிச்செடி ஆள் உயரப் புதராக மண்டிக் கிடந்தது. மத்தியானம் கட்டுச்சோறு சாப்பிட்டுவிட்டு, என் அப்பா கல்லறைக்குப் பக்கத்தில் புல்லில் துண்டை விரித்துப் படுத்தேன். சபைச் செயலாளர் தங்கராசண்ணனும் பக்கத்தில் வந்து படுத்தார். அறுபத்தெட்டு வயசு, வாய் ஓயாத மனுஷர்.

"நாளைக்குப் படுக்கப் போற எடந்தான கண்ணு. இப்பவே ஒருக்காப் படுத்து, மேடு பள்ளம் பாத்துக்கலாம்" என்றார்.

சிரித்தோம். நன்றாகத் தூங்கினோம்.

பத்து நாள் கழித்து எனக்குக் காய்ச்சல். தலைவலி என்றால் சும்மா தலைவலி இல்லை, கண்ணுக்குப் பின்னால் யாரோ அம்மி கொத்துவதுபோல. அதே வாரத்தில் தங்கராசண்ணனுக்கும் காய்ச்சல். பிறகு மற்ற இருவருக்கும். நாலு பேர். கூடாது என்று கை தூக்கிய நாலு பேர் மட்டும். இடம் கொடுக்கலாம் என்று சொன்ன மூவருக்கு ஒரு தும்மல்கூட இல்லை.

ஊர் விடுமா? "எடமில்லீன்னவங்களுக்கெல்லாம் ஆண்டவரு கட்டல்ல எடம் போட்டுக் குடுத்துப்போட்டாரு" என்று குழாயடியில் பேசுகிறார்கள் என என் மனைவி ஜெபமணி வந்து சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஐயரும் தீர்ப்பைப் பற்றித்தான் பிரசங்கம் செய்தார். ஊருக்கு வருமுன் தீர்ப்பு கோயிலுக்கு வரும் என்றார். யார் பேரையும் சொல்லவில்லை. சபை முழுவதும் மனந்திரும்ப வேண்டும் என்று மூன்று நாள் உபவாச ஜெபம் அறிவித்தார். அவர் குரலே அன்றைக்குத் தளர்ந்திருந்தது.

காய்ச்சல் வந்த நாலாம் நாள் குளிக்கும்போது அதைப் பார்த்தேன். வலது தொடை இடுக்கில் கருப்பாக ஒரு பொருக்கு. சிகரெட்டால் சுட்டு வைத்ததுபோல வட்டமாக, சுற்றிலும் சிவப்பு. வலி இல்லை, அரிப்பு இல்லை. எப்போது வந்தது என்றும் தெரியவில்லை. இது மனுஷன் வைத்த புண் இல்லை, மேலே இருந்து வைத்த அடையாளம் என்று முடிவு செய்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. கர்த்தர் அடித்தால் கம்மென்று வாங்கிக்கொள்வதுதான் கீழ்ப்படிதல் என்று நினைத்தேன். ராத்திரி ஜெபமணி தூங்கின பிறகு அந்தப் புண்ணில் ஜெப எண்ணெய் தடவினேன். உபவாசம் மூன்று நாளும் இருந்தேன், தண்ணீர் மட்டும். மருந்து சாப்பிடக் கூடாது என்று ஐயர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது நானே எனக்குப் போட்டுக்கொண்ட கட்டளை. கர்த்தர் சொல்லாததற்குக் கீழ்ப்படிவதில் நான் கெட்டிக்காரன். 'புஷ்பத்திடம் போ' என்று உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டே இருந்ததே, அதற்கு மட்டும் என் கால் நகரவில்லை.

எட்டாம் நாள் எழுந்து நிற்க முடியவில்லை. கண் மஞ்சளாகியிருந்தது. ஜெபமணி ஒரு முடிவோடு வந்து நின்றாள்.

"ஏனுங்க, கர்த்தரு அடிச்சாருன்னே வெச்சுக்குவோம். அடிபட்ட புள்ளைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனா அப்பன் கோவிச்சுக்குவானா? காரு சொல்லிப்போட்டேன். எந்திரிங்க."

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் என்னைக் கொண்டுவந்து சேர்த்தது அப்படித்தான். அதன் பேர் வேண்டாம். எல்லாப் பெரிய ஆஸ்பத்திரியும் உள்ளே போய்ப் படுத்துவிட்டால் ஒன்றுதான். முதலில் ஒரு நீள நடை, இரண்டு பக்கமும் இரும்பு நாற்காலி. சீட்டுக்கு ஒரு வரிசை, ரத்தம் எடுக்க ஒரு வரிசை, படம் எடுக்க ஒரு வரிசை. இருபத்தெட்டு வருஷம் மற்றவர்களை வரிசையில் நிற்க வைத்தவன், சக்கர நாற்காலியில் உட்கார்ந்து என் முறைக்குக் காத்திருந்தேன். காப்பீட்டு அட்டைக்கு ஜெபமணி நாலு ஜன்னல் அலைந்தாள். ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும் என் காலை இழுத்துத் தன் சால்வையில் சுற்றிவிட்டுத்தான் அடுத்த ஜன்னலுக்குப் போனாள்.

டெங்கு இல்லை என்றார்கள். மலேரியா இல்லை. டைபாய்டு இல்லை. ஆனால் ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்துகொண்டே வந்தன. அடிபட்டால் ரத்தத்தை உறைய வைக்கிற துணுக்குகள் அவை. கல்லீரலும் வீங்கியிருக்கிறது என்றார்கள். வார்டுக்கு வந்த டாக்டர் ஈரோட்டுப் பக்கத்துப் பெண். என் மகள் வயசு இருந்தால் அதிகம். நின்றபடியே தூங்கிவிடுவாள்போல அத்தனை அலுப்பு முகத்தில். ஆனாலும் கட்டில் ஓரம் உட்கார்ந்து, பொறுமையாகக் கேட்டாள்.

"ஐயா, பத்துப் பதினஞ்சு நாளைக்குள்ள காடு, தோட்டம், பொதரு எங்காச்சும் போனீங்களா?"

"இல்லீங்க."

"புல்லுல உக்காந்தது, படுத்தது?"

"இல்லீங்க. ரேஷன் கடைங்க எனக்கு."

"ஒடம்புல எங்காச்சும் கருப்பா, சூடு வெச்சாப்பல புண்ணு இருக்குதுங்களா? வலிக்காதுங்க. நெறையப் பேரு கவனிக்க மாட்டாங்க."

"இல்லவே இல்லீங்க."

"சித்த பாத்துரலாங்களா? வேணும்னா ஆம்பள டாக்டர வரச் சொல்றேன்."

"அதெல்லாம் வேண்டாமுங்க அம்மணி. குளிக்கறவனுக்குத் தெரியாதுங்களா?"

நாலு கேள்வி, நாலு பொய். வெட்கம் ஒரு காரணம். கல்லறைத் தோட்டம் என்று வாயைத் திறந்தால் ஆசீர் கதை முழுவதும் வெளியே வந்துவிடும் என்ற பயம் இன்னொரு காரணம். என்னை நம்பி அவள் வேறு மருந்து போட்டாள். சந்தேகத்துக்கு இருக்கட்டும் என்று இன்னொரு ரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தாள். அதன் முடிவு வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள்.

அந்த இரண்டு நாளும் கீழே போய்க்கொண்டே இருந்தேன். மூச்சு மேல்மூச்சானது. நுரையீரலில் நீர் கோக்கிறது என்று மூக்கிலும் வாயிலும் மூடி போட்டுப் பிராணவாயு கொடுத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் உக்கடத்துப் பாய் ஒருவர், சர்க்கரைப் புண்ணால் கால் கட்டோடு படுத்திருந்தார். அத்தர் வியாபாரி. நான் ஒருநாள் மூச்சு வாங்க ஜெபம் செய்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கேளுங்க தம்பி, நல்லாக் கேளுங்க. ஆனா மேல இருக்கறவன் பதிலச் சொல்றதுக்கு வாய் தேடிக்கிட்டு இருப்பான். டாக்டரு வாயாக்கூட இருக்கும். நாமதான் அந்த வாய்க்கு 'இல்லீங்க'ன்னு சொல்லிப்போடறோம்."

அவர் எதைக் கேட்டார், எதைக் கண்டார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

மூன்றாம் நாள் மத்தியானம், பார்வையாளர் நேரத்தில், புஷ்பம் வந்து கட்டிலுக்கருகில் நின்றாள். எனக்குத் தெரியாமல் ஜெபமணி போன் செய்திருக்கிறாள். ரசம் கொண்டுவந்த தூக்குப்போசியை ஸ்டூலில் வைத்தாள்.

"சண்ட போடலாம்னுதான் வந்தேன். நீங்க கெடக்கற கெடையப் பாத்தா அதுக்கும் வழியில்ல" என்றாள்.

மூடியை விலக்கினேன். "எனக்கு இது வரோணும் அம்மணி. தீர்ப்பு. கை தூக்குனதுக்குக் கூலி. நாலு பேரையும் பாத்து அடிச்சுருக்குது பாத்தியா."

"ஓஹோ." இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "அப்ப எனக்கு எதுக்குங்கண்ணா வந்துச்சு? நான் யாருக்கு எடமில்லீன்னு கை தூக்குனேன்?"

எனக்குப் புரியவில்லை. அவள் சேலையை முழங்கால் வரைக்கும் ஒதுக்கி, திரும்பி நின்று காட்டினாள். முழங்காலுக்குப் பின்பக்கம், காய்ந்து உதிரப் போகிற நிலையில், வட்டமாக ஒரு கருப்புப் பொருக்கு. என்னுடையதுக்குக் கூடப் பிறந்ததுபோல.

"கல்லறத் திருநாளுக்கு ஒரு வாரம் முன்னாடியே ஓடக்கரையில அவரு குழிமேட்டச் சுத்தம் பண்ணப் போனேன். தனியாத்தான். அங்கயும் அதே பொதருதான். பத்து நாள்ல காச்சலு. பல்லடத்து டாக்டரு ஒடம்பெல்லாம் தேடி இதக் கண்டுபுடிச்சாரு. உண்ணிக் காச்சலாமா. கண்ணுக்குத் தெரியாத பூச்சி. ஒரு மாத்தர, மூணு நாளு, எந்திரிச்சு நடந்துட்டேன்." சேலையை இறக்கிவிட்டாள். "அந்தப் பூச்சிக்கு உங்க கமிட்டிச் சட்டமெல்லாம் தெரியாதுங்கண்ணா. உள்ள படுத்தவன், வெளிய படுத்தவன்னு பாக்கறதில்ல. சொல்லுங்க, உங்குளுக்கு எங்க இருக்குது?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அண்ணி, உங்குளுக்குத் தெரியுமா?"

"என்ன பொண்ணு கேக்கறே? எனக்கு ஒண்ணுஞ் சொல்லலியே" என்று ஜெபமணி எழுந்தாள்.

"இருக்குது" என்றேன்.

அந்த ஒரு சொல்லுக்கு எனக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது. ஆசீர் செத்ததிலிருந்து நான் கீழ்ப்படிந்த முதல் காரியம் அதுதான் என்று நினைக்கிறேன். உபவாசம் இருந்தபோது வராத அழுகை அப்போது வந்தது. மூடிக்குள் அழுவது கஷ்டம், எல்லாம் பனியாகப் படர்ந்துவிடும்.

புஷ்பம் வார்டு முழுவதும் கேட்கக் கூப்பிட்டாள். "டாக்டரம்மா, இங்க வாங்க! எங்கண்ணன் உங்ககிட்டப் பொய் சொல்லிப்போட்டாரு!" உக்கடத்துப் பாய் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சிரித்தாரோ ஜெபித்தாரோ.

டாக்டரம்மா பார்த்தாள். திட்டவில்லை. உடனே மருந்தை மாற்றினாள், முதலில் ஊசியில், பிறகு காப்சூலாக. விவரமும் சொன்னாள். இது மனுஷனிடமிருந்து மனுஷனுக்குத் தொற்றாது. புதரில், புல்லில் இருக்கிற ஊசிமுனையளவு பூச்சி கடித்து வருவது. கடித்த இடம்தான் கருகிப் பொருக்காவது. இடுக்கு, அக்குள், இடுப்பு என்று மறைவான இடமாகத்தான் அது தேடும். சீக்கிரம் தெரிந்தால் சின்ன மருந்து போதும். விட்டால் நுரையீரல், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகப் போகும். படிக்கிறவர்கள் தயவுசெய்து இதை நினைவில் வையுங்கள். டாக்டர் கேட்டால் காட்டுங்கள்.

பிறகு அவள் கேட்டாள்: "கூட வேல செஞ்சவங்க யாருக்காச்சும் காச்சலு இருக்குதுங்களா?"

மூன்று பேரையும் சொன்னேன். ஜெபமணி உடனே போன் போட்டாள். இருவர் வீட்டில் எடுத்தார்கள். அவர்கள் உடம்பிலும் பொருக்கு இருந்தது, ஒருவருக்கு அக்குளில், ஒருவருக்கு அரைஞாண் கயிற்றடியில். அன்றைக்கே மருந்து கிடைத்தது. பிழைத்தார்கள்.

தங்கராசண்ணன் வீட்டில் அவர் மகன் எடுத்தான். திருப்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்களாம். முந்தின நாள் காலையில் போய்விட்டாராம். அடக்கமும் ஆகிவிட்டது. எனக்குச் சொல்ல வேண்டாம் என்று சபையில் முடிவு செய்திருக்கிறார்கள்.

நான் வந்து சேர்ந்த முதல் நாளே அந்த நாலு கேள்விக்கும் உண்மை சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரம்மா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தங்கராசண்ணன் படுத்துப் பார்த்த அதே இடத்தில்தான் அவருக்குக் குழி எடுத்தார்களாம்.

மருந்து மாற்றிய மறுநாளே காய்ச்சல் இறங்கியது. படுக்கை நனைகிற அளவுக்கு வேர்த்தது. ஜெபமணி கரண்டியில் ரசம் கொடுத்தாள், முந்தின நாள் புஷ்பம் வைத்துவிட்டுப் போன ரசம். அது அவள் கைப்பக்குவம் என்று முதல் வாயிலேயே தெரிந்தது. ஆனால் புஷ்பம் அதற்குப் பிறகு வரவில்லை. போனும் இல்லை. உயிரைக் கொடுத்தாள், பேச்சைக் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தின நாள் ஐயர் வந்தார். தங்கராசண்ணனை அடக்கம் செய்த களைப்பு முகத்தில் இன்னும் இருந்தது.

"தீர்ப்புன்னு நான் பிரசங்கம் பண்ணியிருக்கக் கூடாதோன்னு இருக்குதுங்க. நான் சொன்னதுனாலதான் நீங்க மறைச்சீங்களோ?" என்றார்.

"நீங்க மறைக்கச் சொல்லலீங்களே ஐயா."

இதை அந்த நாட்களில் நிறைய யோசித்தேன். பூச்சி கடித்தது தீர்ப்பு இல்லை. தீர்ப்பென்றால் புஷ்பத்தை ஏன் கடிக்க வேண்டும், பேச்சு மன்னன் தங்கராசண்ணன் ஏன் போக வேண்டும், ஏழாவது கை ஏன் மிஞ்ச வேண்டும்? ஆனால் தீர்ப்பே இல்லை என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. ஒரு பெண் கட்டில் ஓரம் உட்கார்ந்து நாலு கேள்வி கேட்டாள். அந்த இடத்தில்தான் என் தராசு நின்றது, நான் தட்டில் இருந்தேன். இதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. அலுப்பாக இருக்கிறது. தெரிந்தது ஒன்றுதான்: செய்ய வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது.

ஊருக்கு வந்த இரண்டாம் ஞாயிறு, சுகமானவர்கள் எழுந்து ஸ்தோத்திரம் சொல்கிற நேரத்தில், முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லாரும் அல்லேலூயாவுக்குத் தயாராக இருந்தார்கள்.

"ஆசீருக்கு எடமில்லீன்னு ஏழாவதாத் தூக்குன கை என்றதுங்க. சட்டத்துக்குப் பயந்து தூக்கல. உங்க வாய்க்குப் பயந்து தூக்குனேன். அந்தக் கைய எறக்கிக்கறேனுங்க."

யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது: "இப்ப எறக்கி என்ன பண்றது? ஆளப் பொதச்சாச்சே." நியாயமான பேச்சு. புஷ்பம் பெண்கள் பக்கம் நாலாவது வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஆராதனை முடிந்து வெளியே வருவதற்குள் போய்விட்டாள்.

அந்த வாரமே கமிட்டி கூடியது. பிழைத்து வந்த இருவரும் என்னோடு சேர்ந்துகொண்டார்கள். தங்கராசண்ணன் நாற்காலி காலி. அந்தச் சட்டத்தை எடுத்துவிடுவது என்று ஆறு கையும் சேர்ந்து தூக்கினோம். அதோடு, ஓடைக்கரையிலிருந்து ஆசீரை முறைப்படி எடுத்து, அவர் அப்பா அம்மா பக்கத்தில் வைக்கலாம் என்றும் தீர்மானம் எழுதினோம். அந்த யோசனை என்னுடையது. எனக்கே பெருமையாக இருந்தது.

அந்தச் சேதியைத்தான் அவள் வாசற்படிக்குக் கொண்டுபோனேன். கேட்டதும் அழுவாள், அண்ணா என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எடமில்லீன்னதும் நீங்களா ஏழு பேரு பேசுனீங்க. எடம் இருக்குதுன்னதும் நீங்களாப் பேசியிருக்கீங்க. என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா? கார்த்திகையில அவரு தலமாட்டுல ஒரு வேப்பஞ்செடி வெச்சுருக்கறேன், இப்பத்தான் துளிர் விடுது. இங்கிருந்து தூக்கி அங்க வெக்கறதுக்கு என்ற ஊட்டுக்காரரு என்ன, உங்க ரேஷன் கடை மூட்டையாங்கண்ணா?"

மறுபடியும் அதே தப்பு. அவளைக் கேட்காமல் தூக்கிய கை, அவளைக் கேட்காமல் இறங்கியிருக்கிறது. படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"தப்பு அம்மணி" என்றேன். "தீர்மானத்தக் கிழிச்சுப்போடறேன். நீ என்ன சொல்றயோ அதச் செய்யறேன்."

அவள் ஓடைப் பக்கம் பார்த்தாள். "மழைக்கு மறுக்காவும் பொதரு மண்டிக் கெடக்குது. கிறிஸ்மஸுக்குள்ள வெட்டோணும்."

"நான் வாரேன்."

"இந்த ஒடம்ப வெச்சுக்கிட்டா?"

"வெட்ட முடியாட்டி அள்ளிப் போடறேன்."

அவள் எழுந்து உள்ளே போனாள். பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஆசீரின் பழைய பேண்டும் தடித்த சாக்ஸ் ஜோடியும் இருந்தன. உள்ளே போய் வேட்டிக்குப் பதில் அதை மாட்டிக்கொண்டு வந்தேன். ஆசீர் உயரமான ஆள், எனக்குக் கால் தரையில் புரண்டது. புஷ்பம் என்னைப் படியில் உட்கார வைத்து, என் முன்னால் குந்தி, பேண்டின் நுனியை இரண்டு மடிப்பு மடித்து, ஒரு பூச்சி நுழைய இடமில்லாமல் சாக்ஸுக்குள் இறுக்கிச் செருகிவிட்டாள்.